ஊர்தான் இவர்களுக்கு வார்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து நீட் பி.ஜி. எழுதியவள். கவுன்சலிங்கில் இடம் கிடைத்துவிட்டது என்று தெருவுக்கே தெரியும். ஆனால், அப்பாவின் கையில் ஸ்வீட் பாக்ஸ் இல்லை.

“எம்.டி. சீட் கிடைச்சிருக்கு டாக்டர். ஆனா...” என்று இழுத்தார்.

“நல்ல விஷயம்தானே? எதுல?”

“கம்யூனிட்டி மெடிசின்.”

அதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிட்டது. பின்னாலேயே வந்த அவர் மனைவி பொறுமையிழந்து கேட்டார்: “பேஷன்ட்டே பார்க்க மாட்டாங்களாமே டாக்டர்? சொந்தக்காரங்க கேட்டா என்ன படிப்புன்னு நான் சொல்றது?”

அதுவரை பேசாமல் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “சேரட்டுமா அங்கிள்? இல்ல, இன்னொரு வருஷம் படிச்சு வேற பிரிவுக்கு ட்ரை பண்ணட்டுமா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. “ஒரு வாரம் டைம் கொடும்மா” என்றேன். இந்த வாரம் எழுதுவது அவளுக்கான பதில்தான். ஆனால், இது அந்த ஒரு வீட்டோடு முடிகிற விஷயமில்லை. அடுத்த மழைக்காலத்தில் உங்கள் தெருவில் காய்ச்சல் பரவுமா, பரவாதா என்பதோடும் சம்பந்தப்பட்டது. அதனால் நீங்களும் படிக்கலாம்.

நான் கேட்காத கேள்வி

கம்யூனிட்டி மெடிசினைத் தமிழில் சமூக மருத்துவம் என்கிறோம். பழைய பெயர் நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவம். எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் இது ஒரு பாடம். ‘பார்க்’ என்று செல்லமாக அழைக்கப்படும் அந்தத் தலையணைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்கிப்போகாத டாக்டர் இந்தியாவில் அநேகமாக இருக்க மாட்டார். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு இதே துறையில் மூன்று வருடம் பயிற்சி பெற்றால் எம்.டி. பட்டம்.

இவர்கள் என்ன செய்வார்கள்? என் கிளினிக்கில் நடந்ததைச் சொன்னால் புரியும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம். ஒரே வாரத்தில் பதினோரு பேர் வயிற்றுப்போக்கோடு வந்தார்கள். எல்லோருக்கும் ஓ.ஆர்.எஸ். கொடுத்தேன். துவண்டு போயிருந்தவர்களுக்கு டிரிப்ஸ் ஏற்றினேன். ஒரு பாட்டியை மட்டும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். எல்லோரும் பிழைத்தார்கள். என் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் சுகாதார ஆய்வாளரோடு ஓர் இளைஞர் வந்தார். மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் இரண்டாம் வருடம் படிப்பவர். என் நோயாளிப் பதிவேட்டைக் கேட்டார். அதில் பெயர், வயது, மருந்து எல்லாம் இருந்தன. வீடு எங்கே என்று மட்டும் இல்லை. நான் கேட்டதே இல்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். என்றைக்கு ஆரம்பித்தது, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டு, பேரூராட்சி வரைபடத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பதினொன்றில் எட்டுப் புள்ளிகள் ஒரே குழாய்ப் பாதையில் வரிசையாக விழுந்தன.

நேராகப் போய் அந்தத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று சோதித்தார்கள். குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதிலுள்ள குப்பியில் தண்ணீர் பிடித்து, சில சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை. குழாய் போகும் வழியிலேயே நடந்து போனால், சாக்கடையைக் கடக்கும் இடத்தில் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும்வரை லாரியில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு இரண்டே பேர் வந்தார்கள். பிறகு நின்றுவிட்டது.

நான் பதினோரு பேருக்கு வைத்தியம் பார்த்தேன். பதினோரு குடும்பமும் எனக்கு நன்றி சொன்னது. அந்த இளைஞர் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கு வராத குழந்தையின் அம்மா யாருக்குப் போய் நன்றி சொல்வார்? இந்தத் துறையில் இருப்பவர்களின் கஷ்டமே இதுதான். வேலையை ஒழுங்காகச் செய்தால், கண்ணுக்குத் தெரிய ஒன்றும் நடக்காது.

வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ரத்த மாதிரிகள்

படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவரால் பெரிதாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு, சென்னையில் நடந்த ஒரு விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும்.

வருடம் 1986. எய்ட்ஸ் வெளிநாட்டு நோய், நம் ஊரில் இருக்க வாய்ப்பே இல்லை என்று பலரும் நம்பிய காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்தவர் செல்லப்பன் நிர்மலா. அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பைச் சொன்னார்: பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களின் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பரிசோதிப்பது.

நிர்மலாவுக்கு அந்தப் பெண்களை எங்கே தேடுவது என்றுகூடத் தெரியாது. அரசுக் காப்பகத்துக்குப் போய் அவர்களைச் சந்தித்து, பேசி, ரத்த மாதிரி எடுத்தார். போக வர, கணவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மாதிரிகளை வைக்க வேறு வசதியில்லாததால் தன் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைத்தார். பரிசோதனை வசதி வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. ராத்திரி ரயிலேறி மாதிரிகளை அங்கே கொண்டுபோனார். ஆறு மாதிரிகள் நிறம் மாறின. பிறகு அமெரிக்காவில் செய்த பரிசோதனையும் அதை உறுதிப்படுத்தியது. அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாட்டுக்கே தெரிந்தது அப்போதுதான்.

நிர்மலா படித்தது சமூக மருத்துவம் இல்லை. ஆனால், அவர் செய்த வேலை அதன் உயிர்நாடி. நோய் ஊரைச் சூழ்வதற்கு முன்பே அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் போவது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சரியான கேள்வியைக் கையில் கொடுத்து, கடைசிவரை கூட நின்ற ஒரு பேராசிரியர் இருந்தார். அதே நேரத்தில் வண்டிக்குக் கணவரையும், மாதிரிகளுக்கு வீட்டு ஃப்ரிட்ஜையும் நம்ப வேண்டியிருந்தது. நல்ல வழிகாட்டி இருந்தார், வசதி இல்லை. இன்றைக்கும் இந்தப் பயிற்சியில் இருக்கும் பலருக்கு இரண்டில் ஒன்றாவது கிடைப்பதில்லை.

விடிகாலையில் வந்த வலிப்பு

இன்னொரு சம்பவம் பீகார் மாநிலம் முசாபர்பூரில் நடந்தது. லிச்சிப் பழத்துக்குப் பேர்போன ஊர். மே, ஜூன் மாதங்களில் முந்தின நாள் சாயங்காலம்வரை ஓடியாடிய குழந்தை, விடிகாலையில் வலிப்பு வந்து நினைவிழக்கும். சில மணி நேரத்தில் பல குழந்தைகள் இறந்துபோவார்கள். 1995-லிருந்து வருடாவருடம் நடந்தது. வைரஸ் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள், வெயில் என்றார்கள். 2014-ல் மட்டும் அந்த சீசனில் 390 குழந்தைகள் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் 122 பேர் இறந்தார்கள்.

டெல்லியிலுள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 2012-ல் இரண்டு வருடப் பயிற்சி ஒன்றைத் தொடங்கியிருந்தன. டாக்டர்களை வகுப்பில் உட்கார வைப்பதைவிட, நோய் பரவும் இடத்துக்கே அனுப்பிக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி. அந்தப் பயிற்சித் திட்டத்தைச் சேர்ந்தவர்களும் முசாபர்பூர் விசாரணையில் இறங்கினார்கள். சீசன் வருவதற்கு முன்பே ஊரில் போய்த் தங்கினார்கள். நோய் வந்த 104 குழந்தைகளையும், அதே வயதில் வேறு காரணத்துக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த 104 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். என்ன சாப்பிட்டார்கள், எங்கே விளையாடினார்கள், ராத்திரி சாப்பிட்டுத் தூங்கினார்களா என்று வீட்டாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள்.

கிடைத்த பதில் மனதைப் பிசையும். தோப்பில் பகலெல்லாம் லிச்சி தின்ற குழந்தைகள், பசியில்லை என்று ராத்திரி சாப்பிடாமல் தூங்கியிருக்கிறார்கள். லிச்சியில் இருக்கும் ஒருவகை நச்சு, வெறும் வயிற்றில் இருக்கும் குழந்தையின் உடல் சர்க்கரையை உற்பத்தி செய்யவிடாமல் தடுத்துவிடும். விடியும்போது ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கி, வலிப்பு வந்துவிடும்.

அவர்கள் சொன்ன தீர்வுக்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை. குழந்தைகள் லிச்சி தின்பதைக் குறையுங்கள், ராத்திரி சாப்பாடு கொடுத்துத் தூங்க வையுங்கள், வலிப்போடு வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பார்த்து குளுக்கோஸ் ஏற்றுங்கள். அடுத்து வந்த வருடங்களில் நோய் வெகுவாகக் குறைந்தது.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதையும் உண்டு. 2019-ல் அதே பகுதியில் மூளைப் பாதிப்பு அறிகுறிகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மறுபடியும் இறந்தார்கள். ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னால் போதாது. வருடாவருடம் வீடுவீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அந்த ஊரிலேயே ஆள் வேண்டும்.

பயிற்சி எங்கே தடுக்குகிறது?

ஆள் வேண்டும் என்றால் உருவாக்க வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அறுவை சிகிச்சை படிப்பவருக்கு ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். குழந்தை மருத்துவம் படிப்பவருக்குக் குழந்தைகள் வார்டு வேண்டும். சமூக மருத்துவம் படிப்பவருக்கு வார்டு என்பது ஊர்தான். ஒரு வட்டாரம், அதிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, மீன் மார்க்கெட், செங்கல் சூளை. ஆனால், பல இடங்களில் இவர்களுடைய மூன்று வருடமும் கல்லூரிக் கட்டடத்துக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பது, கருத்தரங்குக்கு ஸ்லைடு தயாரிப்பது, ஆய்வுக்குழு வரும்போது ரெஜிஸ்டர்களைச் சரிசெய்வது. குளத்தங்கரையில் உட்கார வைத்து நீச்சல் சொல்லிக்கொடுப்பது போலத்தான்.

இத்தனைக்கும் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் கிராமத்தில் ஒன்றும் நகரத்தில் ஒன்றுமாகச் சுகாதாரப் பயிற்சி மையம் இருக்க வேண்டும் என்பது விதி. மையம் இருந்தாலும், போக வண்டி இருக்காது. வண்டி இருந்தால் டீசல் இருக்காது. பெண் டாக்டர்கள் தங்குவதற்குப் பூட்டக்கூடிய அறையும் சுத்தமான கழிப்பறையும் இருக்காது. இதைக் கேட்டால், “ஊருக்கு வேலை செய்யணும்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்” என்று அறிவுரை மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அடுத்தது, நிர்வாகச் சுவர். தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்களோ பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் கீழ் இருக்கின்றன. கல்லூரியிலிருந்து பத்து கிலோமீட்டரில் டெங்கு பரவினால், மாவட்ட சுகாதார அலுவலரின் குழு ஓடும். அதே நேரத்தில் ‘டெங்கு பரவலை விசாரிப்பது எப்படி’ என்ற வகுப்பு கல்லூரியில் நடந்துகொண்டிருக்கும். நல்ல மனசுள்ள அதிகாரியும் பேராசிரியரும் பேசிக்கொண்டால் சுவர் தானாக இடிந்துவிடும். பேசிக்கொள்ளாத இடத்தில், கடிதம் போய் அனுமதி வருவதற்குள் கொசு முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பறந்தே போய்விடும். அதற்குச் சுமார் ஒரு வாரம் போதும்.

மூன்றாவது, பணம். இது நமக்கு மட்டும் உள்ள பிரச்னை இல்லை. அமெரிக்காவில் பயிற்சி டாக்டர்களின் சம்பளத்துக்கான அரசுப் பணத்தில் பெரும்பகுதி மூத்த குடிமக்களுக்கான காப்பீட்டுத் திட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிகள் வழியாக வருகிறது. நோய்த்தடுப்பு டாக்டர்களின் பயிற்சி பெரும்பாலும் சுகாதாரத் துறை அலுவலகங்களில் நடப்பதால், அந்தப் பணம் அவர்களை எட்டுவதில்லை. தனியாக மானியம் தேடித்தான் பயிற்சியை ஓட்ட வேண்டியிருக்கிறது. பணக்கார நாட்டிலேயே ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றித்தான் பணம் ஓடுகிறது. கட்டிலுக்கு வராமல் தடுக்கிறவருக்குக் கணக்குத் தலைப்பே இல்லை.

கடைசியாக, மரியாதை. பி.ஜி. காலியிடங்களை நிரப்புவதற்காக 2023-ல் நீட் பி.ஜி. தகுதி பர்சன்டைலையே பூஜ்யமாகக் குறைத்தார்கள். வருடாவருடம் காலியாகக் கிடக்கும் இடங்களில், நோயாளிக்கு நேரடியாகச் சிகிச்சை தராத இத்தகைய பிரிவுகளே அதிகம். விரும்பி வருபவர் சிலர். ‘வேறு கிடைக்கவில்லை’ என்று வருபவர் பலர். அப்படி வருபவரை மூன்று வருடம் ஊருக்குள் இறக்கிவிட்டால் பலர் இந்தத் துறையைக் காதலிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கட்டடத்துக்குள் பூட்டி வைத்தால், வரும்போது இருந்த மனநிலையிலேயே வெளியே போவார்கள்.

நம்மிடம் இருப்பதே போதும்

இதையெல்லாம் சரிசெய்ய வானத்திலிருந்து எதுவும் இறங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் பெரிய முதுசொம் இருக்கிறது. 1939-லேயே பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. சிகிச்சைக்கு ஒரு துறை, நோய்த்தடுப்புக்குத் தனியாக ஒரு துறை, அதற்கென்றே படித்த அதிகாரிகள் என்ற அமைப்பு இங்கே பல காலமாக இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறை, கணியம்பாடி வட்டாரக் கிராமங்களையே தன் பயிற்சிக்களமாக வைத்துப் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் 2001-லிருந்து களப்பயிற்சி நடத்துகிறது. அதில் சேரும் சுகாதார அதிகாரிகள் சில வாரங்கள் வகுப்பில் இருப்பார்கள். பிறகு சொந்த மாவட்டத்துக்குப் போய், அங்கிருக்கும் பிரச்னையையே ஆராய்ந்துகொண்டு வருவார்கள்.

முதுநிலை மருத்துவ மாணவர்கள் எல்லோரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனை அல்லது மாவட்டச் சுகாதார அமைப்பில் வேலை செய்ய வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. 2021-ல் சேர்ந்தவர்களிலிருந்து அது கட்டாயம். மற்ற பிரிவினருக்கு மூன்று மாதம் சரி. சமூக மருத்துவம் படிப்பவருக்கு அது போதாது. மூன்று வருடத்தில் குறைந்தது ஒரு வருடமாவது அவர் மாவட்ட சுகாதார அலுவலரின் குழுவில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு வட்டாரத்தை அவர் பொறுப்பில் கொடுக்க வேண்டும். அங்கே காய்ச்சல் என்றால் முதல் போன் அவருக்கு வர வேண்டும்.

கிராம சுகாதார செவிலியரும் சுகாதார ஆய்வாளரும் இவர்களுக்கு ஆசிரியர்களாக வேண்டும். எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தத் தொட்டிக்கு மூடி இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுப்பதற்காக அவர்களுக்கு ஒரு சிறு தொகையும், சான்றிதழில் பெயரும் கொடுத்தால் குறைந்துபோய்விடாது.

ஆய்வேடு அந்த வட்டாரத்தின் கேள்வியிலிருந்து பிறக்க வேண்டும். இந்த ஊரில் சர்க்கரை நோயாளிகள் ஏன் பாதியில் மாத்திரையை நிறுத்துகிறார்கள்? அந்தக் குடியிருப்பில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏன் விட்டுப்போகிறது? பதில் கிடைத்ததும் பைண்ட் செய்து நூலகத்தில் வைப்பதோடு நிறுத்தாமல், அதே ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

வாரத்தில் இரண்டு நாளாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளிகளையும் பார்க்க வேண்டும். “பேஷன்ட்டே பார்க்க மாட்டாங்களாமே” என்று அந்த அம்மா கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பை முழுதாக ஓரம் வைத்துவிட்டவர் சொல்வதை ஊர் காதில் வாங்காது. நோயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பவருக்குத்தான் புது நோய் வரும்போது பொறிதட்டும்.

படித்து முடித்ததும் வேலையும் வேண்டும். கல்லூரி ஆசிரியர் பணி ஒன்றுதான் வழி என்றிருந்தால் பயிற்சியும் வாத்தியார் வேலைக்கானதாகவே இருக்கும். மாவட்டத்திலும் மாநகராட்சியிலும் இவர்களுக்கென்று பதவிகள் அதிகரித்தால், கவுன்சலிங்கில் இந்த சீட்டைத் தள்ளிவிட்டுப் போகிற கூட்டம் தானாகக் குறையும்.

வாசலில் பெல் அடித்தால்

நம் பங்குக்கும் சில வேலைகள் இருக்கின்றன.

உங்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண்ணோ பையனோ நோட்டோடு வந்து நின்றால், யாரென்று கேட்டு அடையாள அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். “எங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்கோம்” என்று கதவைச் சாத்தினால், அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி குறையும். கசிகிற குழாய் கண்ணில் படாமல் போகலாம்.

மொட்டை மாடி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, பழைய டயர், பூந்தொட்டிக்கு அடியிலுள்ள தட்டு ஆகியவற்றை வாரத்தில் ஒரு நாள் கவிழ்த்துக் காயவையுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற பருவத்துக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை கவிழ்த்தால் அது பறக்கவே பறக்காது.

கிராமத்தில் இருப்பவர்கள் கிராம சபையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நம்ம தொட்டியில தினமும் குளோரின் போடுறாங்களா? கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணாங்க?” பதில் தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், உங்கள் ஊருக்கு நோய்த்தடுப்பு டாக்டரின் உதவி தேவை என்று அர்த்தம்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு

இனி, நீ கேட்டதற்கு வருகிறேனம்மா.

சேர்ந்துவிடு. ஆனால், கண்ணை மூடிக்கொண்டு சேராதே. கல்லூரிக்குப் போகிற முதல் நாள் துறைத் தலைவரைப் பார்த்து மரியாதையாக நாலு கேள்வி கேள். மூன்று வருடத்தில் நான் எத்தனை மாதம் கல்லூரிக்கு வெளியே இருப்பேன்? மாவட்டத்தில் ஒரு நோய் பரவினால் எங்களை அனுப்புவீர்களா? கிராமத்தில் தங்க அறையும், போக வண்டியும் இருக்கிறதா? போன வருடம் முடித்த அக்கா, அண்ணன்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? நல்ல பதில் வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் மனசைத் தளரவிடாதே. அந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இரு. உனக்கு அடுத்து வருகிறவளுக்காவது வண்டி வரும்.

மனசே ஒப்பவில்லை, குழந்தை மருத்துவம்தான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக இன்னொரு வருடம் படி. அது தப்பே இல்லை. ‘சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க’ என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் இந்த இடத்தை விட்டுவிடாதே.

அப்புறம், அம்மாவிடம் சொல். சொந்தக்காரர்கள் கேட்டால், “என் பொண்ணு ஒரு ஊருக்கே டாக்டராகப் போறா”ன்னு சொல்லச் சொல். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். அவர் எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் பாக்கி.